நான் டைப் அடித்த கட்டளை

போன ஞாயிறு வெள்ளைச் சட்டையில் ஆராதனைக்குப் போனவன், தலையெல்லாம் ராகித் தூசும் வேர்வையில் தொப்பலாக நனைந்த உடம்புமாக வீடு திரும்பினேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

அதியமான்கோட்டைப் பக்கம் எங்கள் சபைக்கு நான்தான் செயலாளர். ஆராதனை நடுவே செல்போனைத் தூக்கிக்கொண்டு நழுவுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. போன மாதம் ஒரு நோட்டீஸ் டைப் அடித்து, லேமினேட் செய்து, வாசலில் மாட்டினேன் — 'நற்கருணை தொடங்கிய பின் வெளியே போகிறவர்களுக்கு மூன்று மாதம் நற்கருணை கிடையாது.' அதோடு விட்டேனா? 'இது கர்த்தருடைய கட்டளை' என்று கீழே ஒரு வரி. அப்படிப் போட்டால்தானே ஜனங்கள் பயப்படுவார்கள்!

அன்று நற்கருணை கொடுக்கப் போதகர் அப்பத்தைக் கையில் எடுத்த நேரம்... இடி! ஜன்னல் வழியே பார்த்தால் தொப்பூர் மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. எஸ்தர் அக்கா விருட்டென்று எழுந்தார். தனி மனுஷி. முக்கால் ஏக்கரில் விளைந்த ராகி மொத்தத்தையும் எங்கள் கோவில் முன்னாலுள்ள சிமென்ட் களத்தில் காயப் போட்டிருந்தார். வருஷம் முழுக்க அவருக்குச் சாப்பாடே அதுதான். நனைந்தால் முளைத்துவிடும்.

நான் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன்.

"அக்கா, நோட்டீஸ் பாத்தீங்கல்ல? கர்த்தருடைய கட்டளைங்க."

"கர்த்தரு எப்பங்க சொன்னாரு? போன மாசம் நீங்கதான டைப் அடிச்சீங்க! நவுருங்க தம்பி."

போதகர் எனக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். அவரோ அப்பத்தைத் தட்டில் வைத்து வெள்ளைத் துணியால் மூடினார்.

"ஆண்டவர் காத்திருப்பாருங்க. மழை காத்திருக்காது. எல்லாரும் வாங்க!"

அப்பப்பா... அந்தப் பத்து நிமிஷம்! பாடகர் குழுப் பெண்கள் கையாலேயே ராகியைக் கூட்டிக் குவிக்க, போதகர் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு சாக்கைப் பிடித்தார். சாக்கு போதவில்லை. கோவில் ஜமுக்காளத்தையே உருவி மூட்டை கட்டினோம். கடைசி மூட்டை வாசற்படி ஏறும்போது கொட்டியது பாருங்கள் மழை! இருபது வருஷமாக அல்லேலூயா சொல்கிறேன் — தொண்டை கிழியச் சொன்னது அன்றுதான்.

நற்கருணை தொடர்ந்தது. நோட்டீஸ்படி போதகர் உட்பட ஒருத்தருக்கும் மூன்று மாதம் கிடையாது! ஆனால் கூச்சம் எனக்குத்தான். கடவுள் பெயரில் கையெழுத்துப் போட எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? முன்னால் போகக் கால் வரவில்லை. கடைசி பெஞ்சு ஓரம் நின்றுவிட்டேன்.

பீடத்தின் முன் முழங்காலிட்டிருந்த எஸ்தர் அக்கா திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"வாங்க தம்பி, இங்க எடம் இருக்குது."