மாப்பிள்ளை வழிமாற்றி அனுப்பிய கிரிப்டோ

இன்று புரோத்ராபூரில் ஒரு குடும்பத்தையே கடலில் மூழ்காமல் காப்பாற்றினேன்.

தூரத்துத் தீவில், கேம்பல் பேயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, என் அக்கா மகள் செல்வியின் பிரசவத்துக்குச் சேர்த்த கிரிப்டோவை அவள் வாலெட்டுக்கு வேறு நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டார்; காசு அவள் கண்ணில் படவேயில்லை.

"மன்னிச்சிடு, என் ராசாத்தி" என்று போனில் அவர் செல்வியிடம் உருகியதில் வங்காள விரிகுடா ஓரடி உயர்ந்தது.

"அழாதீங்க மாப்ளே! காசு கப்பல் மாறி வேற ஜெட்டியில இறங்கிடுச்சு, அவ்வளவுதான். நாம போய்க் கூட்டிட்டு வந்துடலாம்" என்று போனை வைத்தேன்.

அந்த நெட்வொர்க்கைக் காட்டும் ஆப்பில் செல்வி தன் வாலெட்டின் ரகசியச் சொற்களைத் தட்டும்வரை பெருந்தன்மையோடு சுவரைப் பார்த்து நின்றேன். காசு பத்திரமாக அங்கேயே இருந்தது!

மாப்பிள்ளையை அழைக்கப் போனேன். செல்வி கையைப் பிடித்தாள்.

"அரே மாமா, ஒரு டீ குடிச்சிட்டுச் சொல்லலாம். கல்யாணமானதிலிருந்து இன்னிக்குத்தான் ராசாத்தின்னு கூப்பிடுறார்."

இரண்டாவது டீ ஓடுகிறது. இந்தப் பதிவை அவருக்கு முதலில் அனுப்பப்போகும் துரோகி யார்?