பரிசோதனை நாளில் தூங்கிய மகள்

என் மகள் கயலுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். வளர்ப்பு சரியில்லை என்று பார்த்தவர்கள் எல்லாம் எங்களைத்தான் குறை சொன்னார்கள். ஆட்டிசமா என்று பார்க்க, பல மாதம் காத்திருந்து தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் முறை கிடைத்தது. முந்தைய இரவு முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தவள், பாபநாசத்தில் பஸ் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

மருத்துவமனையில் எங்கள் முறை வந்தும் அவள் எழவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தேன், உலுக்கினேன். "எந்திரிடி கயலு, இன்னிக்கு விட்டா இன்னும் எத்தன மாசமோ!" என்று என் மனைவி கெஞ்சினாள்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"எழுப்பிடுறேன் மேடம், அனுப்பிடாதீங்க" என்று அவர் காலில் விழப்போனேன்.

"எழுப்பாதீங்க, பாவம். மத்தவங்களப் பாத்துட்டு கடைசியா பாக்குறேன்" என்றவர், எங்கள் முகத்தைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் எப்பங்க தூங்குனீங்க?"

என் மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள்.

மாலையில் கயல் தானாக விழித்த பிறகு டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆட்டிசம்தான் என்றார்.

திரும்பும்போது கயல் என் மடியில் விழித்திருந்தாள். என் மனைவி தூங்கிப்போனாள். இனி என்ன செய்வோம் என்ற பயம் எனக்குத் துளியும் குறையவில்லை. ஆனால் அத்தனை நாளில், எங்களைக் குறை சொல்லாமல் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, நாங்கள் எப்போது தூங்கினோம் என்பதுதான்.