விழுந்து ஒடிந்த கை அல்ல

அம்மாவின் இடது கை ஒடிந்தது ஒரு மிளகாய்க் களத்தில். காயப்போட்டிருந்த குண்டு மிளகாயை எங்கள் ஆட்டுக்குட்டி மிதித்துவிட்டு ஓட, களத்துக்காரரின் மகன் அதை விரட்ட எடுத்த கம்பை அம்மா மேல் இறக்கிவிட்டார். அப்போது நான் மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு நான் வந்து சேர்வதற்குள், சாயல்குடிப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் அந்தக் கைக்கு வேறு கதை கட்டியாகிவிட்டது. கருவேலம் வெட்டப் போன இடத்தில் விழுந்துவிட்டாளாம். கடைக்குப் போனால்கூட, "விழுந்த கை தேவலையா?" என்று விசாரித்தார்கள்.

வலியைவிட அந்த விசாரிப்புதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அடிச்சேன்னு அவன் சொல்ல வேணாம். பெரிய எடத்துல யாராச்சும் சொன்னாப் போதும்" என்றாள்.

எனக்குத் தெரிந்த பெரிய இடம் நீதிமன்றம்தான். காவல் நிலையத்தில் முதலில் புகார் வந்து சேர்ந்தது என்று ஒரு ரசீது மட்டும் கொடுத்தார்கள். அது வழக்கு ஆகாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். அரசு மருத்துவமனை எக்ஸ்ரேயில் முறிவு தெளிவாக இருந்ததால் வழக்குப் பதிவானது. பிறகு விசாரணை, குற்றப்பத்திரிகை, எதிர்த்தரப்புக்கு அதன் நகல். நடுவர் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டியதும் களத்துக்காரர் மகன் "நான் செய்யலை" என்றார். அப்படிச் சொன்னால்தான் சாட்சி விசாரணை தொடங்கும் என்று படித்திருந்தேன். அம்மா முறைத்தாள், எனக்கு உள்ளுக்குள் பரபரப்பு.

அதன்பின் வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் நடுவர் விடுப்பு. ஒருநாள் வக்கீல் வரவில்லை. ஒருநாள் சாட்சி சொல்ல வேண்டிய போலீஸ்காரர் ஏர்வாடி சந்தனக்கூடு திருவிழாவுக்குப் பந்தோபஸ்து போய்விட்டார். அடுத்த தேதியைச் செல்போனில் பார்ப்பதே என் வேலையானது. இடையில் ஊரில் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா, "என்னன்னு பேச? விழுந்துட்டேன்னா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

வீட்டில் நான்தான் எதிர்க்கட்சி வக்கீல். அம்மா புளி உடைத்துக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுக் குடைந்தெடுப்பேன்.

"ஏத்தா, ஒன்னயவிட அவுக வக்கீலே தேவல போலருக்கே" என்பாள்.

எனக்கு ஒரே பயம்தான். கை ஒடிந்த அன்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுபோல எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போய்விட்டு, வீக்கம் வடியாத பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தத் தாமதம் ஒன்றே வழக்கைச் சாய்த்துவிடும்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நேராக அங்கேதான் வந்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகல, இல்லையா?"

"போகல."

"போலீசுக்கும் போகல. கட்டுப் போடுறவர்கிட்ட போனீங்க."

"ஆமா. எலும்பு ஒடிஞ்சா எங்க பக்கம் அங்கனதான் போவோம்."

"கீழ விழுந்தவங்களும் அங்கதானே போவாங்க?"

"போவாக."

அத்தோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டார்.

"கம்பால அடிபட்டுக் கை ஒடிஞ்சவங்க, அவ்வளவு தூரம் தனியா எப்படிப் போனீங்க?"

"தனியாப் போகலையே. அந்தா கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காகள்ல, என்னய அடிச்ச இவரு சித்தப்பா, அவுகதான் வண்டில கூட்டிப் போனாக. 'பய கோவத்துல அடிச்சுப்புட்டான், கேஸுகீஸுன்னு போயிராத தாயி'ன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாக."

கோர்ட்டே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. "நீங்க சொல்றது பொய்" என்றார் வக்கீல்.

"பொய்யின்னா அவுகளையே கேளுங்க. இங்கனதான இருக்காக."

யாரோ சிரித்துவிட, டவாலி அதட்டினார். நடுவர் அம்மையார், அந்தப் பதிலை ஒரு வார்த்தை விடாமல் பதியச் சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏம்மா, இதை எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? கம்பு எவ்வளவு நீளம், ஆடு எந்தப் பக்கம் ஓடுச்சுன்னுல்ல தொளைச்ச."

அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு அந்தச் சித்தப்பாவையும் சாட்சியாக அழைத்தார். கூண்டில் ஏறியவர், கூட்டிப் போனது உண்மை, எதற்கென்று ஞாபகமில்லை என்றார். "விழுந்துட்டதா அந்தம்மா சொன்னாங்களா?" என்று கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படிச் சொல்லல" என்றார். அது போதுமாக இருந்தது.

தீர்ப்பு நாளில் நடுவர் வாசித்தார். கம்பால் தாக்கியதால்தான் எலும்பு முறிந்தது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. தண்டனை விவரமெல்லாம் பிறகு வந்தது. எனக்கு அந்த வாக்கியத்தோடு காது அடைத்துவிட்டது. அம்மா மட்டும் நிமிர்ந்து நின்று முழுவதையும் கேட்டாள்.

அடித்தவர் மேல்முறையீடு செய்யலாம், அப்படியானால் வழக்கு ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் என்று பஸ்ஸில் விளக்கினேன்.

"போகட்டும். அங்கனயும் வாரேன்" என்றாள்.

முன் சீட்டில் இருந்த எங்கள் ஊர்க்காரர் திரும்பினார். "என்னக்கா, விழுந்த கை கேஸு என்னாச்சு?"

அம்மா பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "கம்பால அடிச்சு ஒடச்ச கையின்னு ஜட்ஜம்மா எழுதிப்புட்டாக, தம்பி. இனிமே நீயும் அப்படியே சொல்லு."

"சரிக்கா."

ஊர் போய் இறங்குவதற்குள் இன்னும் சிலர் கேட்டார்கள். எல்லாருக்கும் அதே பதில், ஒரு சொல் குறையாமல்.