சறுக்குமரத்து உச்சியில்

கள்ளக்குறிச்சியின் பெரிய பூங்காவில் இரண்டு காளைகள் நேராக என்னை நோக்கி வருகின்றன. ஐம்பது வயது உடம்பைத் தூக்கிக்கொண்டு குழந்தைகளின் சறுக்குமரத்து உச்சிக்கு ஏறிவிடுகிறேன்.

"இன்னா சார், அங்க ஏறிக்கினு நிக்கிறீங்க?" மாடுகளின் பின்னால் வரும் வண்டிக்காரர் சிரிக்கிறார். "முன்னாடி இது மாட்டுச் சந்தைங்க. பூங்கா கட்டறப்ப அந்தக் கல்தொட்டிய மட்டும் வுட்டு வெச்சாங்க. ஆலைக்குக் கரும்பு இஸ்துக்கினு போற மாடுங்க இங்கதான் தண்ணி குடிக்கும்."

"முட்டாதுல்ல?"

"தாகத்துல நீங்க ஒரு ஆளாவே தெரிய மாட்டீங்க."

சறுக்குமரத்தின் கீழேயுள்ள தொட்டியில் காளைகள் வாய் வைக்கின்றன. நடப்பவர்கள் நின்றுவிடுகிறார்கள், ஊஞ்சல்களும் நிற்கின்றன. மாடு குடித்து முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாதென்பது சந்தைக் காலத்து வழக்கமாம். அத்தனை பெரிய பூங்காவில் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கிறது. எனக்குப் புல்லரிக்கிறது.

பெரிய காளை, மூக்கில் நீர் சொட்ட, நிமிர்ந்து என்னைப் பார்க்கிறது. பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டுக் கும்பிடுகிறேன். கூப்பிய கையோடு சறுக்கி, அதன் முன்னால் போய் உட்காருகிறேன்.