மூன்று பேட்டரி ரெஞ்சும் ஒரு நட்டும்

ஆஷ்டபுலா ஊரில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு ஒரு வண்டியையும் விட்டுவைக்காது. ஐந்து குளிர்காலம் ஓடிய காரைத் தூக்கிப் பார்த்தால் எது இரும்பு, எது துரு என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஊரில், லைல் நீமி தன் காரை ஒரு நாளும் அடுத்தவன் கையில் கொடுத்ததில்லை. முப்பது வருஷம் வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தான். ஆலை அவன் வலது தோளைத் தின்றுவிட்டு வீட்டுக்கு அனுப்பியது. நீளக் கம்பி போட்டு ஒரு நட்டைத் திருப்பினால் கண்ணில் பூச்சி பறக்கும். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடமும்.

பெண்டாட்டி டோரீனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈரி நகர ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஐம்பது மைல். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு இரைக்கும். அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் இப்போது லைலுக்கு இருந்த ஒரே வேலை.

பிப்ரவரியில் முன்சக்கர பேரிங் ஊளையிட ஆரம்பித்தது. செவ்வாய்க்குள் மாற்றியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டோரீனின் அண்ணன் கஸ் உதவிக்கு வந்தான். சக்கரத்தின் நடு நட்டு துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. அதைக் கழற்ற, தட்டித் தட்டித் தானே திருப்பும் பேட்டரி ரெஞ்ச் மூன்றை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்று லைலின் பழைய குட்டி ரெஞ்ச். ஒன்று கஸ்ஸுடையது. மூன்றாவது, வெள்ளிக்கிழமை லைல் கடையில் வாங்கிய பெரிய மிருகம். வேலை முடிந்ததும் துடைத்து, பெட்டியில் போட்டு, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

குட்டி மூன்று நிமிஷம் கத்தியது. நட்டு அசையவில்லை.

“பல்லு குத்தத்தான் ஆகும் மாப்ளே இது,” என்றான் கஸ்.

அவனுடையது ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்திருந்தது. பத்துத் தட்டுத் தட்டிவிட்டுப் பேட்டரி படுத்துவிட்டது.

“உன்னது குளிர்ல சுருங்கிடுச்சு மச்சான். வயசானா அப்படித்தான்.”

அப்புறம் புதுசை எடுத்தான் லைல். பெட்டியில் அதன் பலம் என்று எழுதியிருந்த பெரிய எண்ணை அவன் நம்பவில்லை. எல்லாப் பெட்டியிலும் எண் பெரிசாகத்தான் இருக்கும். வைத்து அழுத்தினான். நாலே தட்டு. துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது, நட்டு சுற்றியது. தோளுக்கு வேலையே இல்லை. அவன் அந்த ரெஞ்சைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். இது கடைக்குத் திரும்பிப் போகாது என்று கஸ்ஸுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பேரிங்கை மாற்றியாயிற்று. இனிச் சக்கரம் மாட்ட வேண்டும். அடுத்த தடவை துரு கடிக்கக் கூடாதென்று ஐந்து போல்ட்டிலும் வழிய வழியக் கிரீஸ் தடவினான். இறுக்கும் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்கியது. அதை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை கையால் இழுக்க வேண்டும். டிசம்பரில் ஒரு தடவை இழுத்து, வலியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். மச்சான் முன்னால் அது வேண்டாம். புது ரெஞ்சையே வைத்து, முழு வேகத்தில், ஐந்து நட்டையும் முடுக்கினான்.

“மாப்ளே, அது கழட்டுறதுக்கு. இறுக்குறதுக்கு இல்ல.”

“நான் சக்கரம் மாட்டுறது இன்னைக்கு நேத்தா மச்சான்?”

கஸ் தன் ரெஞ்சை எடுத்து வண்டியில் போட்டான். கழற்றுவதில் மூன்றையும் போட்டிக்கு விட்டார்கள். இறுக்குவதில் எது எவ்வளவு இறுக்கும் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. கிரீஸ் போட்ட மரையில் அந்த வேகத்தில் முடுக்கினால் போல்ட் மிட்டாய்ப் பாகு மாதிரி இழுபட்டுப் பலம் இழக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

செவ்வாய் காலை கான்னியாட் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. என்ன அது என்று டோரீன் கேட்டாள். சக்கரத்துக்குள் பனிக்கட்டி ஒட்டியிருக்கும், கரைந்துவிடும் என்றான். அந்த ஊரில் குளிர்காலத்தில் வண்டி உதறினால் எல்லோரும் சொல்வது அதுதான். அவனும் நம்பித்தான் சொன்னான். வேகத்தைக் குறைக்கவில்லை, நேரமாகியிருந்தது.

அடுத்த மைலில் அவர்கள் சக்கரம் கழன்று அவர்களையே முந்திக்கொண்டு ஓடியது. கார் மூக்குக் குத்தி, நெருப்பு பறக்க இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பில் மோதி நின்றது.

போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். “அஞ்சும் அறுந்திருக்கு. யாரு இறுக்கினது?”

“நான்தான்,” என்றான் லைல்.

டோரீனுக்கு உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வலது கை கதவில் நசுங்கியிருந்தது. ரத்தச் சுத்திகரிப்புக்கு ஊசி குத்துவதற்கென்றே அறுவை செய்து, மூன்று மாசம் காத்திருந்து தயார் செய்த ரத்தக்குழாய் அந்தக் கையில்தான் இருந்தது. அது அடைத்துவிட்டது. இனி கழுத்தில் குழாய். இன்னொரு கையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் சரியாக அமைந்தால்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“நீ இடது கையால பல்லு விளக்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா லைல்? ரெண்டு வருஷமாப் பாக்குறேன். நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்.”

 அவள் வீட்டுக்கு வந்ததும் கஸ்ஸின் வண்டியை இரவல் வாங்கிக் கூட்டிப்போவதாகச் சொன்னான்.

“வேணாம். நோயாளிகளைக் கூட்டிப்போற கவுண்டி அரசாங்க வேனுக்குச் சொல்லிட்டேன். வீட்டுக்கே வரும்.”

“கோவமா?”

“கோவம் இல்ல,” என்றாள். “பயமா இருக்கு.”

அடுத்த செவ்வாய் வேன் வந்து நின்றது. லைல் செருப்பைக்கூடப் போடாமல் பனியில் இறங்கி ஓடினான், அவளை ஏற்றிவிட. டிரைவர் ஏற்கெனவே அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றியிருந்தார். பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று அவரைத்தான் கேட்டாள்.