நான் ஃபுல் பேக்காக நின்ற ஐந்து வருடங்கள்

ஐரிஷ்காரரின் கேலிக் ஃபுட்பாலை நான் ஐந்து வருடம் ஆடினேன். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். பெண்கள் ஆட்டத்தில் இடிக்கக் கூடாது என்று விதி. விதியும் இருந்தது, இடியும் இருந்தது. நான் வேலை செய்த ஆஸ்பத்திரி வார்டில் ஒரு ஐரிஷ் நர்ஸ் இருந்தாள். அணியில் ஓராள் குறைகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனாள். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பந்தைப் பிடித்த மறுகணமே ஒருத்தியின் முழங்கை என் விலாவில் இறங்கியது. முகங்குப்புற விழுந்தேன். வாயெல்லாம் சேறும் இரத்தமும். அடுத்த முறை அவள் பந்தோடு வந்தபோது தோளால் இடித்து அவளையும் விழுத்தினேன்.

அது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஊரில் போர் நடந்து ஷெல் விழுந்த காலத்தில் பதுங்க மட்டும்தான் பழகியிருந்தேன். இங்கே அடி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்து நிற்கலாம். திருப்பியும் கொடுக்கலாம்.

கோலுக்கு முன்னால் நிற்கும் ஃபுல் பேக் இடத்தை எனக்குத் தந்தார்கள். இரண்டு விரலும் ஒரு விலா எலும்பும் உடைந்தன. கணவர் ஐஸ் வைத்துக் கட்டிவிடுவார், ஆட்டம் பார்க்க வரமாட்டார். "உம்மை ஆரும் அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது" என்பார்.

ஐந்தாம் வருடம் ஒருத்தியின் தலை மோதி என் வலது கண் கறுத்து வீங்கியது. அந்தக் கண்ணோடு தோர்ண்டன் ஹீத்தில் உள்ள தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனேன்.

"என்னம்மா கண்ணிலை?" என்று கடைக்கார அக்கா கேட்டார்.

"விளையாட்டிலை பட்டது, அக்கா."

அவர் நம்பவில்லை. கணவர் அடித்துவிட்டார் என்று கதை பரவியது. மூன்றாம் நாள் நகரின் மறுபக்கம், ஹரோவில் இருந்து என் அண்ணை வந்து நின்றார். கதவைத் திறந்தது கணவர். "என்ரை தங்கச்சியிலை கை வைப்பியோ?" என்ற சத்தம் கேட்டு நான் குசினியில் இருந்து ஓடி வருவதற்குள் கணவர் சுவரோடு சாய்ந்து நின்றார். உதடு கிழிந்து சேர்ட் முழுக்க இரத்தம். அண்ணை மறுபடி கை ஓங்கினார். நான் நடுவில் புகுந்து, கோலுக்கு முன்னால் தள்ளுவதுபோலத் தள்ளினேன். அண்ணை வாசலில் இருந்த சப்பாத்துத் தட்டில் மோதி விழுந்தார்.

"அவர் அடிக்கேல்லை, அண்ணை. நான் கேலிக் விளையாடுறனான்."

"அவரைக் காப்பாத்தப் பொய் சொல்லாதை."

"ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கோ."

வந்தார். உதட்டில் தையலோடு கணவரும் வந்தார். கோட்டுக்கு வெளியே இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தள்ளி நின்றார்கள்.

அன்று எனக்கு எதிரே ஆடியவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். நடுவர் பார்க்காத நேரத்தில் என் சேர்ட்டை இழுத்தாள், காலை மிதித்தாள். எல்லாம் வழக்கமானதுதான். மூன்றாம் முறை மிதித்தபோது திரும்பினேன். பந்து எங்கள் பக்கத்திலேயே இல்லை. கையை மடக்கி அவள் முகத்தில் குத்தினேன். மூக்கு நொறுங்கியது என் விரல்களுக்குத் தெரிந்தது. முழங்காலில் விழுந்து முகத்தைப் பொத்தினாள். விரல் இடுக்கால் இரத்தம் வழிந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குள் கிடந்த கோபத்தில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். நான் வெளியே வந்தபோது அண்ணை கணவரிடம், "மச்சான், பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் என்னைப் பார்த்தார். "முதல் நீர் போய் அந்தப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேளும்."

போனேன். உடை மாற்றும் அறை வாசலில், மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டப் போனதும் சட்டென்று கையைத் தூக்கி முகத்தை மறைத்தாள். மறுபடி அடிக்க வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்படியே நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை இறக்கவில்லை.

தடை சில வாரத்தில் முடிந்தது. நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் போகவில்லை. அண்ணையை வீட்டுக்குள் விட ஒரு வருடத்துக்கு மேல் கணவருக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு தைப்பொங்கலுக்கு அவரே அண்ணைக்குப் போன் எடுத்துச் சாப்பிட வரச் சொன்னார்.