இலையில் கை வைக்கும் முன்

ஜெர்மனியில் ஒரு கூட்டம் முடிந்தால் மேசையைத் தட்டுகிறார்கள். விரல் முட்டியால் மரத்தில் டொக் டொக் என்று. நாங்கள் வசிக்கும் சிறு நகரத்தின் நூலகத்தில் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லோரும் முதன்முறை அப்படித் தட்டியபோது, கோபத்தில் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அது பாராட்டு என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தச் சத்தத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். நான்கு வயது யாழினியைக் கணவரிடம் விட்டுவிட்டு விளையாடக் கிளம்புகிற அம்மா உண்டா என்று என்னையே திட்டிக்கொண்டுதான் போவேன். ஆனாலும் போவேன். இந்த ஊரில் நான் வருவேன் என்று எனக்காக நாற்காலி போட்டு வைத்திருக்கும் இடம் அது ஒன்றுதான்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரக்காரி, திருடன். நான் கதையை நடத்துகிறவள். இங்கே அதற்கு ‘ஷ்பீல்லைட்டர்’ என்று பெயர். எதிரே காடு, பாலம், பூதம் என்று நான் சொல்வேன். என்ன செய்வோம் என்று அவர்கள் சொல்வார்கள். வாள் வீச்சு பட்டதா தவறியதா என்பதைப் பகடை சொல்லும். செய்தது நியாயமா என்பதைப் பகடை சொல்லாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் கதையின் நாடு மதுரைக்கு மேற்கே உள்ள சமவெளிதான். பெயரை மாற்றிவிட்டேன்; ஆற்றையும் வெற்றிலைக் கொடிக்காலையும் மாற்ற மனம் வரவில்லை. எங்களோடு விளையாடும் மார்ட்டின் அந்த நாட்டில் ஒரு சத்தியவீரன். பொய் சொல்வதில்லை, நம்பியவரைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பது அவன் எடுத்த சத்தியம். அதைக் காக்கும்வரை அவன் கையில் காயம் ஆற்றும் ஒளி இருக்கும். ஒரு கொள்ளைக்காரனைப் பிடித்துத் தருவதாக அவன் ஊராருக்கு வாக்குக் கொடுத்தான். தேடிப் போன வீட்டில் கொள்ளைக்காரனின் மனைவி, வந்தவர்கள் யாரென்று தெரியாமலே, இலை போட்டுப் பரிமாறினாள். மார்ட்டின் வயிறாரச் சாப்பிட்டான். வீட்டுக்காரன் வந்ததும் அவன் கையைக் கட்டிக் காவலரிடம் ஒப்படைத்தான். கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: “உங்கள் ஒளி அணைந்துவிட்டது.”

“ஏன்?”

“அவள் வீட்டில் சாப்பிட்டீர்களே.”

“நன்றி சொன்னேனே!”

“நன்றி சொன்னால் முடிந்துபோயிற்றா?”

“வேறென்ன, காசு கொடுத்திருக்க வேண்டுமா?” நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அன்று எல்லோரும் தட்டினார்கள். மார்ட்டின் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அவர் மகள் லேனாதான் யாழினிக்குக் கிண்டர்கார்ட்டனில் இருக்கும் ஒரே தோழி. அவளும் அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு விளையாட வரவில்லை. “லேனா ஏம்மா வரல?” என்று யாழினி கேட்டபோது, இல்லாத ஒரு கொள்ளைக்காரனுக்காக என் பிள்ளையின் தோழமையைத் தொலைத்துவிட்டேனோ என்று தூக்கம் போயிற்று. நான் சொன்னது நியாயமா, நான் வளர்ந்த விதம் மட்டும்தானா?

அந்தக் குழப்பத்தோடுதான் விடுமுறைக்கு மதுரை வந்தேன். கோரிப்பாளையம் சிக்னலைப் பார்த்த மாடி வீடு என் கல்லூரித் தோழி ஷபானாவுடையது. அவளையும், அவள் தம்பி இலியாஸையும், சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் செந்திலண்ணனையும் உட்கார வைத்து அதே கதையை நடத்தினேன். இம்முறை ஷபானா சத்தியவீரன். கொள்ளைக்காரன் வீடு வந்தது. அவன் மனைவி இலை போட்டாள்.

“யாரும் இலையில கை வைக்காதீக!” செந்திலண்ணன் பதறிவிட்டார். “தண்ணிகூட வாங்கக் கூடாது.”

“அண்ணே, எனக்கு உசுரு பாதிதாண்ணே இருக்கு. சாப்ட்டா ஏறும்ல?” என்றான் இலியாஸ்.

“பசியில செத்தாலும் சாவு மாப்ள. தின்னுபுட்டு எந்தக் கையால அவன் கையக் கட்டுவ?”

ஷபானா குறுக்கே வந்தாள். “நான் நோம்புன்னு சொல்லிர்றேன்டி. அந்தம்மா மனசும் நோகாது.”

“பொய் சொன்னா ஒளி போயிரும்டி.”

“என்ன பொய்யி? காலைலருந்து ஒன் கதையில ஒரு வாய் சோறு போட்டியா நீயி?”

“நோம்பு புடிக்கிறேன்னு மனசுல நிய்யத்து வைக்காம அது எப்புடிக்கா நோம்பு?” என்றான் இலியாஸ். அவளே ஒப்புக்கொண்டாள். “ஆமடா, செல்லாது.” கடைசியில் செந்திலண்ணனே கொள்ளைக்காரன் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: “ஆத்தா, ஒங்க வீட்டுக்காரரத் தேடித்தான் வந்திருக்கோம். சாப்ட மாட்டோம்.”

யாரும் அவர்களுக்குச் சட்டம் சொல்லவில்லை. இங்கே இலையை மறுப்பதே ஓர் அறிவிப்பு. அந்தப் பெண்ணுக்கும் அந்தக் கணமே புரிந்திருக்கும். மார்ட்டினுக்கோ அது வெறும் மதியச் சாப்பாடு. சட்டம் தெரியாதவரை நான் தண்டித்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் மேசையைத் தட்டினேன். “யாருடா அது, இந்நேரத்துல?” என்று ஷபானா எழுந்து கதவைத் திறக்கப் போனாள்.

ஜெர்மனிக்குத் திரும்பியதும், கிண்டர்கார்ட்டனில் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டும் இடத்தில் மார்ட்டினைப் பிடித்தேன். “தீர்ப்பு சரி. சொன்ன நேரம்தான் தப்பு. இலையில் கை வைக்கும் முன் அதன் விலையைச் சொல்லியிருக்க வேண்டும். மறுபடி அந்த வாசலுக்குப் போவோமா?”

அவர் லேனாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். “சாப்பிட்டால் ஊராருக்குக் கொடுத்த வாக்கு போகும். சாப்பிடாவிட்டால் அவளுக்கு அவமானம். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“நல்ல சிக்கல்” என்று சிரித்தார்.

சனிக்கிழமை அவருடைய வீரன் வாசலில் நின்றான். வந்த காரணத்தைச் சொன்னான். பிறகு, “எங்கள் ஊரில் யார் வீட்டுக்கும் நாங்கள் வெறுங்கையோடு போவதில்லை” என்று பையிலிருந்து தன் ரொட்டியை எடுத்து, வெளியே வந்த வீட்டுக்காரனிடம் நீட்டினான். “அவனும் பசியோடு இருக்கிறானா?” என்று மார்ட்டின் என்னிடம் கேட்டார்.

நான் பகடையை உருட்டினேன். பசியோடுதான் இருந்தான். வாங்கித் தின்றான்.

“உங்கள் நாட்டுச் சட்டப்படி, என் ரொட்டியைத் தின்றவன் இனி என்மேல் வாளை ஓங்கலாமா?”

மேசை முழுக்க என்னையே பார்த்தது. என் ஊர் நியாயத்தில் இதற்குத் தயாராக விடை இல்லை. செந்திலண்ணன் கேட்டால் ராத்திரி முழுக்க வாதாடுவார். ஆனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. “ஓங்க முடியாது” என்றேன். “வாளைக் கீழே வைத்துவிட்டு, தானாகவே உங்களோடு வருகிறான். உங்கள் ஒளி அப்படியே இருக்கிறது.”

மார்ட்டின்தான் முதலில் தட்டினார். பிறகு எல்லோரும். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே என் தலை தானாகத் திரும்பி, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கதவைப் பார்த்தது.